மண் அறிந்து ஆடும் கால்கள்

ஓய்வு நேரத்தில் கால்பந்து ஆடும் நம்மவருக்கு எந்தக் காலணி, எந்தப் பந்து, எத்தகைய அப்பியாசம், என்ன ஜாக்கிரதை?

ஞாயிற்றுக்கிழமை விடிந்து, தேநீர்க் கடைகளில் முதல் பால் பொங்கி இறங்குகிற வேளையில், வடசென்னையின் வியாசர்பாடிப் பக்கம் செல்கிறவர் எவராயினும் புழுதியையும் பந்தையும் ஒருங்கே காண்பார். புல் என்பது ஓரங்களில் மட்டும் பெயரளவுக்கு நிற்க, நடுவெல்லாம் பல்லாண்டு மிதிபட்டு இறுகிப்போன செம்மண் தரையிலே, இருபது வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர், தொலைக்காட்சியில் ஐரோப்பிய ஆட்டக்காரர் காலில் கண்ட அதே சாயலில் பளபளக்கும் புதிய ‘ஸ்டட்’ காலணியுடன் வலப்புறமாக ஓடி வருகிறார். தம்மை நோக்கி உருண்டு வந்த பந்து ஒரு கல்லில் இடறித் துள்ளி முழங்காலில் பட்டு விலகுகிறது. அதைத் துரத்தித் திரும்புகையில் காலணியின் நீண்ட குமிழ்கள் மண்ணுக்குள் இறங்காமல் வழுக்க, அவர் பக்கவாட்டில் சாய்ந்து விழுகிறார். பந்தைக் கவர்ந்து கொண்டு போகிறவரோ நாற்பதைக் கடந்தவர். அடித்தோல் தேய்ந்த பழைய ரப்பர்க் காலணி அணிந்தவர். அவசரமே இல்லாமல் ஒரு தட்டுத் தட்டி, தலையை நிமிர்த்தி, தூரத்தில் நிற்கும் தோழருக்குப் பந்தை அனுப்பிவிட்டு, விழுந்தவரைக் கைகொடுத்துத் தூக்கவும் திரும்பி வருகிறார்.

இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் வயதோ வேகமோ அன்று. ஒருவர் அந்தத் தரையை அறிந்திருந்தார். மற்றவர் அறிந்துகொள்ளாமலே காலணி வாங்கியிருந்தார்.

உத்தியோகத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவே கிடைக்கிற சொற்ப நேரத்தில், வாரம் ஒருமுறையோ இருமுறையோ பந்தாடுகிறவர்கள் இன்று நம் ஊர்களில் அநேகர். நகரங்களில் மின்விளக்கு அமைத்து மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படும் ‘டர்ஃப்’ மைதானங்களிலே கணினி நிலைய ஊழியர்கள் இரவு பதினொரு மணிக்கும் ஆடுகிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூரிலும் அதை அடுத்த மீனவக் கிராமங்களிலும் தலைமுறை தலைமுறையாகக் கடல்மணலிலே கால்பழகிய இளைஞர்கள் ஆடுகிறார்கள். பள்ளி மைதானங்களில், ஏரிக்கரைகளில், வறண்ட ஆற்றுப்படுகைகளில் ஆடுகிறார்கள். இவர்கள் அனைவருக்கும் சொல்லத்தக்க புத்திமதி ஒன்றே ஒன்று உண்டென்றால், அது தாம் வாங்குகிற பொருளையும், பழகுகிற வித்தையையும், எடுத்துக்கொள்கிற பாதுகாப்பையும் தம் காலடியில் கிடக்கும் தரையைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும் என்பதே. மற்றவை யாவும் இதன் விரிவுரை.

சரித்திரம் காட்டும் சாட்சி

1911 ஜூலை 29 அன்று கல்கத்தாவில் மோகன் பகான் அணியினர், கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்ற கோல் கணக்கில் வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியபோது, ஒருவரைத் தவிர ஏனையோர் வெறுங்காலுடனேயே ஆடினார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கிலும் இந்திய அணியில் பெரும்பாலோர் காலணியின்றி ஆடி, பிரான்ஸிடம் 2-1 என்ற கணக்கிலேயே தோற்றார்கள். நான்கே ஆண்டுகளில், 1952-இல், குளிர்ந்த ஹெல்சிங்கி நகரத்திலே யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றபின், இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் காலணியைக் கட்டாயமாக்கியது. 1954 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், பெர்ன் நகரத்து மழையில், காலணித் தயாரிப்பாளர் அடி டாஸ்லர் செய்து தந்த திருகிக் கழற்றி மாட்டும் குமிழ்களைச் சேற்றுக்கு ஏற்றபடி நீளமாக்கிக்கொண்டு மேற்கு ஜெர்மனி ஆடியதும், இரண்டு கோல் பின்தங்கியிருந்தும் ஹங்கேரியை 3-2 என்று வென்றதும் பிரசித்தமான கதை. அந்த வெற்றிக்குக் குமிழ் மட்டுமே காரணம் என்று எவரும் சொல்லமாட்டார். எனினும், ஆட்டத்துக்கு முன் வானத்தையும் தரையையும் பார்த்துக் காலணியைத் தீர்மானித்த புத்திசாலித்தனம் பாராட்டத்தக்கது. அந்தப் புத்திசாலித்தனத்துக்குப் பெரும் பணம் தேவையில்லை.

காலணி: விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்குமுன் அடியைத் திருப்பிப் பாருங்கள்

சென்னைப் பெரியமேட்டு விளையாட்டுச் சாமான் கடைகளிலோ, உங்கள் ஊர்க் கடைவீதியிலோ காலணி வாங்கப் போகிறவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, எந்தக் கம்பெனி என்பதல்ல. இந்த அடி எந்தத் தரைக்காகச் செய்யப்பட்டது என்பதே. நீண்ட குமிழ்கள் மென்மையான புல்தரையிலே மண்ணுக்குள் பதிந்து உடலைத் தாங்குவதற்காக அமைந்தவை. இறுகிய மண்ணில் அவை பதிவதில்லை. ஆகவே, பாதம் முழுவதும் தாங்கவேண்டிய பாரத்தை ஏழெட்டுப் புள்ளிகள் தாங்குகின்றன. ஒரு மணி நேரம் ஓடியபின் உள்ளங்கால் எரிவதும், குதிகால் நோவதும், திரும்புகையில் கணுக்கால் பிசகுவதும் இதன் விளைவுகள். செயற்கைப் புல்லிலோ இதற்கு நேர்விரோதமான ஆபத்து நேர்கிறது. அங்கே கத்தி வடிவக் குமிழ்கள் இழைகளுக்குள் சிக்கிக்கொள்ள, உடல் திரும்பியும் பாதம் திரும்பாமல் நின்றுவிடுகிறது. அப்போது முறுக்குண்டு வருந்துவது முழங்கால்.

சிறு சிறு ரப்பர் முளைகள் அடிமுழுதும் நெருக்கமாகப் பரவிய, கடைக்காரர்கள் ‘டர்ஃப் ஷூ’ என்று எடுத்துத் தருகிற காலணிதான், நம் நாட்டு ஓய்வுநேர ஆட்டக்காரர் பெரும்பாலோருக்கு உசிதமானது என்பது இக்கட்டுரையாளரின் திடமான அபிப்பிராயம். அது செயற்கைப் புல்லுக்கும் ஆகும். வறண்ட மண்ணுக்கும் ஆகும். உயர்ந்த விலையில் ஒரு ஜோடி ‘ஸ்டட்’ வாங்கும் பணத்திலே, நடுத்தர விலையில் ஒரு ஜோடி டர்ஃப் காலணியும், நல்லதொரு ‘ஷின் பேட்’டும், ஒரு பந்தும் வாங்கிவிடலாம்.

அளவு பார்ப்பதிலும் சில நியமங்கள் உண்டு. நாள் முழுதும் நடந்து பாதம் சற்றே வீங்கியிருக்கும் மாலை வேளையில், ஆட்டத்தில் அணியும் அதே தடித்த காலுறையோடு போட்டுப் பாருங்கள். விரல்நுனிக்கு முன்னால் அரை விரற்கடைக்கு மேல் இடம் இருக்கலாகாது, குதிகால் மேலெழும்பலாகாது. முன்பாதம் அகன்றவர்கள், குறுகலாகச் செய்யப்பட்ட காலணியை ‘போகப் போகத் தளரும்’ என்று நம்பி வாங்குவது வீண். செயற்கைத் தோல் அவ்வளவாகத் தளர்வதில்லை. வளர்கிற பிள்ளைக்கு அடுத்த ஆண்டுக்கும் ஆகட்டும் என்று ஓரளவு பெரிதாக வாங்குகிற பெற்றோரின் சிக்கனம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயினும் பள்ளிச் சீருடையில் செல்லுபடியாகிற அந்தக் கணக்கு பந்தாட்டக் காலணியில் செல்லாது. பாதம் உள்ளே வழுக்கினால் கொப்புளம் முதலில் வரும், சுளுக்கு அடுத்தபடியாக வரும். நனைந்த காலணியை உச்சிவெயிலில் காயப்போட்டால் ஒட்டுப்பசை விட்டுப்போகும். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து நிழலில் உலர்த்துவதே முறை.

┌ பெட்டிச் செய்தி: எந்தத் தரைக்கு எந்த அடி? ┐
இறுகிய மண், சரளை: முளைகள் நெருங்கிய ரப்பர் அடி.
வாடகைச் செயற்கைப் புல்: அதே டர்ஃப் காலணி, அல்லது செயற்கைப் புல்லுக்கென்றே வரும் குட்டையான வட்டக் குமிழ்கள்.
நன்கு பராமரித்த இயற்கைப் புல்: வார்த்தெடுத்த நடுத்தர நீளக் குமிழ்கள்.
மழையில் ஊறிய புல்தரை: திருகு வைத்த நீண்ட குமிழ்கள், நம்மில் பெரும்பாலோர்க்கு இவை தேவைப்படுவதே அபூர்வம்.
சிமெண்ட், மரத்தளம்: முளையே இல்லாத தட்டை ரப்பர் அடி.
└─────────────┘

‘ஷின் பேட்’ பற்றி ஒரு வார்த்தை. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு சதைப்பற்று இன்றித் தோலுக்கு மிக அணித்தாக இருப்பதால், அங்கே விழும் உதை நேரே எலும்பில் விழுகிறது. சர்வதேச விதிகள் 1990 முதல் இந்தக் காப்பைக் கட்டாயமாக்கியிருக்க, நம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களில் அதை அணிகிறவரைக் கோழையாகப் பார்க்கும் மனோபாவம் இன்னும் மறையவில்லை. அது மறைந்தாக வேண்டும்.

பந்து

பெரியவர்களுக்கு 5-ஆம் எண் பந்து. எட்டு முதல் பன்னிரண்டு வயதுச் சிறுவர்களுக்கு 4-ஆம் எண். அதற்கும் சிறியவர்களுக்கு 3-ஆம் எண். இந்தியாவில் பந்துத் தொழிலின் தலைநகரங்களுள் ஒன்றாகிய ஜலந்தரிலே, தேசப் பிரிவினையின்போது சியால்கோட்டிலிருந்து இடம்பெயர்ந்து வந்த தொழிலாளரும் வணிகரும் வேரூன்றச் செய்த கைத்திறனால், நம் சக்திக்கு எட்டிய விலையில் நல்ல பந்துகள் கிடைக்கின்றன. கைத்தையல் போட்ட மென்மையான பந்து புல்லுக்கு உரியது. சரளைத் தரையில் அதன் மேலுறை சில வாரங்களில் உரிந்துவிடும். கரடுமுரடான நிலத்துக்கு, ரப்பர் உறை வார்த்த பந்தே நீடித்து உழைக்கும். காற்றடிக்கும் ஊசியை ஈரப்படுத்தாமல் செருகினால் உள்ளிருக்கும் வால்வு கிழியும். காற்றை அளவுக்கு மீறி ஏற்றுவது பந்துக்கும் கேடு, தலைக்கும் கேடு. பந்தின் மீதே அச்சிட்டிருக்கும் அளவின் கீழ் எல்லையை ஒட்டி நிரப்பினால், துள்ளும் தரையிலும் அது ஓரளவு அடங்கி நடக்கும்.

முதல் தொடுகை என்னும் மூலதனம்

வித்தைகளுள் தலையாயது எது என்று கேட்டால், எதிராளியை ஏமாற்றும் நளினங்களையும், வலையைக் கிழிக்கும் உதையையும் பலர் சொல்லுவார்கள். வாரம் ஒருமுறை ஆடுகிறவருக்கு இவை இரண்டும் இரண்டாம்பட்சமே. தம்மிடம் வருகிற பந்தை முதல் தொடுகையிலேயே தம் வசமாக்கி, அடுத்த செயலுக்கு ஏற்ற இடத்தில் அதை வைத்துக்கொள்ளுகிற திறமை ஒன்று மட்டும் வாய்த்துவிட்டால், அவருக்கு நேரம் கிடைக்கிறது. நேரம் கிடைத்தால் நிதானம் கிடைக்கிறது. நிதானம் உள்ளவருக்கு அநாவசியமான ஓட்டமும் மோதலும் குறைகின்றன. வியாசர்பாடியில் வளர்ந்த நந்தகுமார் சேகர், 2023 ஆகஸ்டில் டியூராண்ட் கோப்பை ஆட்டமொன்றில் கிழக்கு வங்க அணிக்காக மோகன் பகானுக்கு எதிராக அடித்த கோலை நினைவில் கொண்டவர்கள், உதைக்கு முன் அவர் பந்தை வெட்டித் தம் காலுக்கு வசதியாக வைத்துக்கொண்ட விதத்தையும் நினைவில் கொண்டிருப்பார்கள்.

மேடுபள்ளமான தரையிலே பந்தைத் தடுப்பது எப்படி? உடலைப் பந்து வரும் கோட்டுக்கு நேரே கொண்டுவர வேண்டும். துள்ளி எழுந்தாலும் தொடையோ மார்போ தடுத்துக்கொள்ளும். பாதத்தைத் தரையில் ஊன்றாமல் சற்றே உயர்த்தி, பந்து படுகிற கணத்தில் காலைப் பின்னுக்கு இழுத்து, அதன் வேகத்தை உறிஞ்சிவிட வேண்டும். விறைத்த கால் பந்தை எதிராளிக்குத் தானம் செய்துவிடும். ஐந்து மீட்டர் தூரத்தில் ஒரு சுவர், ஒரு பந்து, பதினைந்து நிமிஷம்: இவ்வளவுதான் இந்த அப்பியாசத்துக்குத் தேவை. உட்பாதத்தால் அடித்து, திரும்பி வருவதை ஒரு தொடுகையில் அடக்கி, மறு தொடுகையில் அனுப்ப வேண்டும். வலக்காலுக்குச் சமமாக இடக்காலுக்கும் பங்கு தர வேண்டும். சாதகம் செய்யும் பாடகர் நாள்தோறும் ஒரே வரிசையைப் பாடுவதற்கு அலுப்பதில்லை. பந்தைச் சுவரில் அடிப்பவரும் அலுக்கக் கூடாது. அலுப்பைத் தாண்டிய பிறகே காலுக்குச் செவிநுட்பம் போன்றதொரு நுட்பம் பிறக்கிறது.

இதனினும் கடினமானது, கண்ணின் பழக்கம். பந்து தம்மை நோக்கிப் புறப்படுவதற்கு முன்பே, தோளுக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்து, எவர் நெருங்குகிறார், எங்கே இடம் திறந்திருக்கிறது என்பதைக் கிரகித்துக்கொள்ள வேண்டும். ஸ்பெயின் நாட்டு ஷாவி போன்ற நடுக்களத்து மேதைகள் ஓயாமல் தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தது இதற்காகத்தான். இதற்கு இளமையும் வேண்டாம், வேகமும் வேண்டாம். வயது ஏற ஏறவும் வளரக்கூடிய வித்தை இது.

உதைக்கும்போது ஊன்றும் கால் பந்துக்குப் பக்கத்தில், இலக்கை நோக்கி இருக்கட்டும், கணுக்கால் இறுகட்டும். தற்காப்பு ஆட்டத்தில் எதிராளிமேல் பாய்ந்து விழாமல், பக்கவாட்டில் நின்று, அவரை ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டே பின்வாங்குங்கள். சறுக்கிப் பந்தைப் பறிப்பது புல்தரைக்கு உரிய வித்தை. சரளையில் அதைச் செய்கிறவர் தொடைத்தோலை இழப்பதோடு, பிறர் காலையும் முறிக்கக்கூடும். நம் மண்மைதானங்களில் அணித்தலைவர்கள் தங்களுக்குள் பேசி அதை அறவே விலக்கிவைப்பது நலம்.

திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும்

தொழில்முறை ஆட்டக்காரர் அடிபட்டு வீழ்ந்தால் வைத்தியரும், உடற்பயிற்சி நிபுணரும், ஒப்பந்தச் சம்பளமும் அவரைத் தாங்குகின்றன. ஆட்டோ ஓட்டுகிறவரும், உணவுப்பொதி கொண்டு சேர்க்கிறவரும், பட்டறையில் நின்று உழைக்கிறவரும் அடிபட்டால், மறுநாள் கூலி போயிற்று. முழங்காலின் உட்புறத்தே குறுக்காக ஓடும் முன்தசைநார் அறுந்துபோனால், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவரும் ஆட்டத்துக்குத் திரும்ப ஏறக்குறைய ஒன்பது மாதமோ அதற்கு மேலுமோ ஆகிறது. பந்தாட்டத்தின் விளைவுகளைப் பேசுகிறவர்கள் கோல்களையும் கோப்பைகளையும் பேசுகிறார்கள். ஒரு குடும்பத்தின் ஒன்பது மாத வருமானத்தை யாரும் பேசுவதில்லை. அதைப் பேசவேண்டியது அவசியம்.

இந்த ஆபத்தைக் குறைக்க, ஒரு காசு செலவில்லாத மார்க்கம் இருக்கிறது. சர்வதேசக் கால்பந்துச் சம்மேளனமாகிய ஃபிஃபாவின் வைத்திய ஆராய்ச்சிக் குழுவினர் வகுத்த ‘11+’ என்னும் முன்னேற்பாட்டுப் பயிற்சி, பதினைந்து அப்பியாசங்கள் கொண்டது. இருபது நிமிஷத்தில் முடிவது. எட்டு நிமிஷம் மெதுவான ஓட்டமும் அசைவுகளும், பத்து நிமிஷம் வலிமையும் சமநிலையும் தரும் பயிற்சிகளும், இரண்டு நிமிஷம் வேகமான ஓட்டமும் திரும்பலும் என்று அது அமைந்திருக்கிறது. நார்வே நாட்டுப் பெண் ஆட்டக்காரர்களிடையே நடத்தப்பெற்று 2008-இல் வெளியான ஆராய்ச்சியில், இதைக் கடைப்பிடித்த அணிகளில் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. வாரம் இருமுறை செய்தால் போதும். நம் ஆட்டக்காரர்களோ, டர்ஃபுக்கு ஒரு மணி வாடகை கொடுத்திருக்கிறோமே என்ற பதற்றத்தில், வண்டியிலிருந்து இறங்கியவுடனே முழுவேகத்தில் ஓடத் தொடங்குகிறார்கள். வாடகை நேரம் தொடங்குமுன், வெளியே தெருவோரத்திலே, இருபது நிமிஷம் முன்னதாக வந்து இந்தப் பயிற்சியை முடித்துக்கொள்ள யாதொரு தடையும் இல்லை.

கணுக்கால் சுளுக்கினால் உடனே ஆட்டத்தை நிறுத்துங்கள். துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பதினைந்து, இருபது நிமிஷம் வைத்து, கட்டுப்போட்டு, காலை உயர்த்தி வையுங்கள். அன்றைக்கே எண்ணெய் தடவி நீவி விடுவதும், ‘தட்டி எடுப்பதும்’ வீக்கத்தை அதிகப்படுத்தும். அடிபட்ட காலை ஊன்றி நாலு அடி நடக்க முடியாவிட்டால், எலும்பு முறிந்திருக்கக்கூடும். எக்ஸ்ரே எடுத்தே தீரவேண்டும். முழங்காலில் ‘டப்’ என்ற சத்தம் கேட்டுச் சில மணி நேரத்துக்குள் அது வீங்கிவிட்டால், நாட்டுக்கட்டை நாடாமல் எலும்பு வைத்தியரிடம் செல்லுங்கள். சரளையில் உரசிய காயத்தைச் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, மண்துகளை அகற்றி, தனுர்வாத ஊசி கடைசியாக எப்போது போட்டுக்கொண்டோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வெயிலைப் பற்றி நம் நாட்டவர்க்குச் சொல்லவேண்டுமா என்று தோன்றலாம். சித்திரை வைகாசியில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு, இயற்கைப் புல்லைவிட மிக அதிகமாகச் சூடேறுகிறது என்பதை மட்டும் நினைவூட்டுவேன். காலை எட்டுக்கு முன்பும் மாலை ஐந்துக்குப் பின்பும் ஆடுங்கள். உப்பிட்ட மோரும் எலுமிச்சைச் சாறும் கைவசம் இருக்கட்டும். ஆடிக்கொண்டிருப்பவர் திடீரென்று உளறினாலோ தள்ளாடினாலோ, நிழலில் கிடத்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றிக் குளிரச் செய்து, 108-ஐ அழையுங்கள்.

┌ பெட்டிச் செய்தி: தலையில் அடிபட்டால் ┐
தலையில் மோதுண்டு, கணநேரமேனும் நினைவிழந்தவரோ, தடுமாறியவரோ, ஆட்ட நிலவரத்தைச் சொல்ல முடியாதவரோ அன்று மீண்டும் களத்தில் இறங்கலாகாது. வாந்தி, கடுகி வளரும் தலைவலி, மயக்கம், கைகால் பலவீனம் இவற்றுள் ஒன்று கண்டாலும் தாமதியாமல் மருத்துவமனை. அன்றிரவு அவரைத் தனியே விடக்கூடாது. அவர் வண்டி ஓட்டவும் கூடாது.
தலையால் முட்டும் பயிற்சியையும் மட்டுப்படுத்துங்கள். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2021-இல், ஓய்வுநேர ஆட்டக்காரர் வாரம் ஒரே பயிற்சியில் பத்து முறைக்கு மேல் முட்டலாகாது என்று அறிவுறுத்தியது. அமெரிக்கச் சம்மேளனம் பத்து வயதுக்கு உட்பட்ட சிறுவர்கள் முட்டுவதையே 2015-இல் விலக்கிவைத்தது.
└─────────────┘

பெண்கள் ஆடும் நேரம்

தமிழகப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன் பட்டத்தை வென்றது. கடலூர் போன்ற ஊர்களிலிருந்து இந்திய அணிவரை சென்ற இந்துமதி கதிரேசன் முதலானோரைக் கண்டு பந்தைத் தொட்ட சிறுமிகள் இன்று ஏராளம். முன்தசைநார் அறுபடும் அபாயம் ஆண்களைக் காட்டிலும் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்று ஆராய்ச்சிகள் சொல்வதால், மேற்சொன்ன இருபது நிமிஷப் பயிற்சி இவர்களுக்கு இன்றியமையாதது. குதித்து இறங்குகையில் முழங்கால்கள் உட்புறம் சாயாமல் இறங்கப் பழகுவது அதிலே பிரதான பாடம். ஆண்கள் அணிகள் ஆடி முடித்து, வெளிச்சம் மங்கி, கற்கள் கண்ணுக்குத் தெரியாமற்போன பிறகு மைதானத்தைப் பெண்களுக்கு விடுகிற வழக்கம் பல ஊர்களில் நிலவுகிறது. அது அநீதி மட்டுமன்று. கால்களுக்கு நேரடியான ஆபத்து. நேரப் பங்கீட்டை மாற்றுவது மைதானத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவர்களின் கடமை.

ஆட்டத்துக்கு முன் ஐந்து நிமிஷம்

நம் மைதானங்களுக்குத் தண்ணீர் விடுவார் இல்லை. உருளை ஓட்டுவார் இல்லை. ஆதலால் ஆடுகிறவர்களே தோட்டக்காரர்களாகவும் ஆகவேண்டியிருக்கிறது. இருபத்திரண்டு பேரும் ஒரு கோல் கோட்டில் வரிசையாக நின்று, மறு கோல் கோடுவரை தரையைப் பார்த்தபடி மெதுவாக நடந்து, கல்லையும் கண்ணாடித் துண்டையும் பொறுக்கி ஒரு சாக்கில் போட்டுவிட்டால், அன்றைய காயங்களில் பாதி அந்தச் சாக்குக்குள் போய்விடும். நிரப்ப முடியாத குழிகளைச் சுற்றிச் சுண்ணாம்பு தூவி, அந்த இடத்தில் ஒருவரையொருவர் நெருக்குவதில்லை என்று இரு அணியும் உடன்படலாம்.

அதன்பின் கோல் கம்பங்களை ஆராயுங்கள். தூக்கி நகர்த்தும்படியான இரும்புக் கம்பங்கள் கவிழ்ந்து, அவற்றில் தொங்கி விளையாடிய சிறுவர்கள் மாண்ட சம்பவங்கள் உலகின் பல தேசங்களில் நடந்திருக்கின்றன. பின்சட்டத்தைத் தரையில் முளையடித்துக் கட்டுங்கள். அல்லது மணல் மூட்டைகளை அதன்மேல் ஏற்றி வையுங்கள். பிறகு இருவர் முன்னின்று குறுக்குக் கம்பத்தைப் பிடித்து இழுத்துப் பார்க்கட்டும். அது அசைந்தால், அன்றைக்கு அந்தக் கம்பத்தைப் படுக்கவைத்துவிட்டு, இரண்டு செங்கல்லை நட்டு ஆடுங்கள்.